தம்பி போடும் அக்கா கையெழுத்து

கையெழுத்து அச்சு அசலாக இருந்தது. ரெக்சின் அக்கா பயந்ததே அதனால்தான். அவள் கையில் அவ்வளவு ஒழுங்கான கையெழுத்து விழுந்து பல வருஷம் ஆகிறது.

கணக்கில் பணம் குறைந்திருக்கிறதே என்று கேட்க வந்திருந்தவள் பக்கம் வங்கி மேலாளர் திரையை இன்னும் கொஞ்சம் திருப்பினார். காசோலையின் படம். தொகையை எழுதியிருந்தது யாரோ. கீழே இருந்த கையெழுத்து மட்டும் அவளுடையது. கடைசி எழுத்தின் காலை நீளமாக இழுத்துவிட்ட அதே பழைய கையெழுத்து.

"உங்களுதுதானேம்மா?"

"என்னுதுதான். ஆனா நான் போடல மேடம்."

மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். யார் போட்டது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடுவாரோ என்று அக்கா பார்வையைத் திரைக்கே திருப்பிக்கொண்டாள்.

வேன், பஸ் இருக்கைகளுக்கு உறை தைப்பது அவள் தொழில். ரெக்சின் வாசனை சேலையிலும் தலைமுடியிலும் ஏறிப்போய், தெருவுக்கே அவள் ரெக்சின் அக்கா. பெற்றவர்களே எழுந்து வந்து சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள் என்று தம்பி கிண்டல் செய்வான். அளவெடுப்பது, ரெக்சின் வெட்டுவது, வாடிக்கையாளரிடம் பேரம் பேசுவது எல்லாம் அவன். தைப்பது அவள்.

ஒரு நாள் மெஷின் ஊசி அவளது வலது ஆள்காட்டி விரலைத் துளைத்துக்கொண்டு இறங்கியது. காயம் ஆறியது, விரல் மடங்க மறுத்தது. தையலை உள்ளங்கையால் தள்ளிச் சமாளித்தாள். பேனாதான் பிடி கொடுக்கவில்லை. போட்ட கையெழுத்து வங்கியில் இருந்த மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாமல் காசோலைகள் திரும்பி வந்தன. "அக்கா, உங்க செக்கு வீட்டுக்கு வழி தெரிஞ்ச பூனை மாதிரி, எங்க விட்டாலும் திரும்பி வந்துடுது" என்றார் ஸ்பாஞ்சு கடைக்காரர்.

வங்கிக்குப் போய் புதுக் கையெழுத்தைப் பதிந்திருக்க வேண்டும். வேலை தலைக்கு மேல் கிடந்தது. "இதுக்குப் போய் ஒரு நாளைக் கெடுக்கணுமா? நான் போட்டுத் தரேன்" என்றான் தம்பி. அவளும் சரி என்றாள். சும்மா சரி என்றதோடு நிற்கவில்லை. வெட்டுவதற்குக் கோடு போடும் சாக்கட்டியை அவன் கையில் கொடுத்து, வீணான கறுப்பு ரெக்சினில் எழுத வைத்தாள். "அந்தக் காலை இன்னும் கொஞ்சம் இழுடா" என்று திருத்தினாள். அவனுக்குக் கை படிந்ததும் கைகொட்டிச் சிரித்தான். "இனிமே நீ கைநாட்டு. நான்தான் நீ."

அன்றைக்கு அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

இப்போது பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். முன்னால் எல்லாம் சரியாக இருந்தது. கடைசித் தாள் இல்லை. அதற்கு முந்தியதும் இல்லை. கிழித்த பிசிறே தெரியவில்லை. பிளேடு பழகிய கை. காசானது ஒன்று. இன்னொன்று வெளியே எங்கோ இருக்கிறது.

கணக்கில் மிச்சம் இருந்தது பள்ளிக்கூடம் கொடுத்த முன்பணம். அவர்களுடைய பஸ்கள் எல்லாவற்றுக்கும் புது இருக்கை. அதுவும் போனால் ஸ்பாஞ்சு வாங்க வழியில்லை. பள்ளிக்கூடம் கழுத்தில் துண்டு போடும், தையல் ஷெட்டையே தூக்கிக் கொடுக்க வேண்டியதுதான்.

"அந்த இன்னொரு தாளை நிறுத்திடுங்க மேடம்."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

போட்டாள். விரல் நீட்டிக்கொண்டு நின்றது, எழுத்து கோணிக்கொண்டு போனது. மேலாளர் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க போடலைன்னு சொல்றது அப்படியே பொருந்துது. எங்க கண்ணு முன்னாடி போட்டது பொருந்தல. நான் எதைம்மா நம்புறது?"

அவள் எழுந்தாள். தாளை வாங்கி மடித்துக்கொண்டு ஷெட்டுக்கு நடந்தாள். அந்த இன்னொன்று அவனிடமே இருக்கும், வாங்கிக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது என்று வழியெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

தம்பி ஸ்பாஞ்சுக் கட்டின் மேல் உட்கார்ந்து ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

"இன்னொரு தாளு எங்கடா?"

அவன் நிமிரவில்லை. "தெரிஞ்சுபோச்சா? வேன் புரோக்கர்கிட்ட இருக்கு. முதல்ல குடுத்தது அட்வான்ஸ். இது பாக்கிக்கு."

"எவ்வளவு எழுதின?"

"எழுதல. கையெழுத்து மட்டும்தான்."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். முகம் தெரியாத ஒருத்தன் பையில் அவள் கையெழுத்தோடு வெறும் தாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா குடுத்திருப்பியா? சொந்த வேன் வேணும்னு எத்தனை தடவை சொன்னேன்?"

"வாங்கிட்டு வா. இல்லன்னா நான் வங்கில உண்மையைச் சொல்லிடுவேன்."

"சொல்லேன்." குரல் உயரவே இல்லை. "இத்தனை வருஷம் போட்டதெல்லாம் யாரு போடச் சொன்னதுன்னும் சேர்த்துச் சொல்லு. நான் உள்ள போனா நீயும் பக்கத்துலதான்."

அவன் கையில் பிளேடு இருந்தது. எப்போதும் இருப்பதுதான். இன்றைக்கு அவள் கண் அதை விட்டு நகரவில்லை. அதைக் கவனித்த தம்பி, பிளேடைக் கீழே வைத்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான்.

"பயந்துட்டியா? கையில வெச்சிருக்கியே, வங்கிக்கு எழுதின லெட்டர், அதக் கொண்டா. நிறுத்தச் சொன்னதுக்குக் கீழ நானே போட்டுத் தரேன். பொருந்திடும். தாளும் செல்லாது, யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

கை நீட்டினான். ஒரு கோடு இழுத்தால் போதும், முன்பணம் தப்பிக்கும். கடிதத்தைப் பாதி நீட்டிவிட்டாள். அவன் அதை மடியில் வைத்து, பார்க்காமலே, அவளுடைய முதல் எழுத்தைப் போட்டான். அந்த வேகம் அவளை உலுக்கியது. வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். பின்னால் "அக்கா!" என்றான். திரும்பவில்லை.

வங்கியில் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து நுழைந்தாள்.

"மேடம், கைநாட்டு வெச்சா ஏத்துப்பீங்களா?"

"எழுதத் தெரிஞ்சவங்க நீங்க."

"எழுதுறதை யாரும் பழகிடலாம் மேடம்."

மேலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ இதுவரைக்கும் யார் போட்டாங்கன்னு சொல்லணும். உங்களுக்கும் சிக்கல் வரலாம்."

"என் தம்பி. நான்தான் பழக்கிவிட்டேன்." குரல் அவளுக்கே கேட்காத மாதிரி இருந்தது. மறுபடி சொன்னாள்.

மைப்பெட்டி வந்தது. முதல் ரேகை அழுத்தத்தில் இழுபட்டது. "அழுத்தாதீங்க, உருட்டுங்க." இரண்டாவது தெளிவாக விழுந்தது. பைக்குள் போன் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. மேலாளர் விசைகளைத் தட்டினார்.

"நிறுத்தியாச்சு. தாள் இன்னும் உள்ள வரல. காலைல விசாரணைக்கு ஆள் வருவாங்க. உங்க தம்பியையும் இருக்கச் சொல்லுங்க."

வெளியே வந்தாள். எதிரே பைக்கில் சாய்ந்தபடி தம்பி நின்றிருந்தான்.

"ஏறுக்கா. வீட்டுக்குப் போலாம்." தினமும் கூப்பிடுகிற அதே குரல்.

மை காயாத கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டு அவள் அந்த இடத்திலேயே நின்றாள்.