நிப்பாட்டு அண்ணன்

கதாநாயகன் வில்லனின் கழுத்தைப் பிடித்துக் கையை ஓங்கும் நேரம் பார்த்து அண்ணன் படத்தை நிறுத்திவிட்டார். சபைக் கூடத்தின் வெள்ளைச் சுவரில் இரண்டு பெரிய முகங்கள் உறைந்து நின்றன. பாதி மூடிய கண், பாதி திறந்த வாய். ஓடும்போது அழகாக இருந்த முகத்தில், நின்றதும் பிணத்தின் களை வந்துவிடுகிறது.

"அண்ணே, சண்டை முடிஞ்சதும் பாடம் சொல்லக் கூடாதா?" என்றார் முன்வரிசையில் இருந்த தையற்காரம்மா.

"முடிஞ்சா அடி விழுந்திடும்மா. மன்னிக்கிறதுக்கு இந்த ஒரு நொடிதான் இருக்கு."

நிப்பாட்டு அண்ணன் என்ற பெயர் இப்படித்தான் ஒட்டிக்கொண்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வாரம் முழுக்கக் கண்ணாடி தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவர், சனிக்கிழமை மதியம் கூடத்தின் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டு, ஊரே கைதட்டிப் பார்த்த படங்களைப் போட்டு அவற்றுக்குள் ஆண்டவரைத் தேடுவார். காதல் படத்தில் வேதாகமத்துக் கெட்ட குமாரன் வீடு திரும்புவான். கொள்ளைக்காரன் படத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளன் எட்டிப் பார்ப்பான். "என் பிரசங்கத்துக்குத் தூங்குறவங்கெல்லாம் இவர் படத்துக்கு முழிச்சிக்கிட்டிருக்காங்க" என்று போதகர் செல்லமாகக் குறைபட்டுக்கொள்வார்.

அவரிடம் ஒரு விநோதம் உண்டு. எதிரில் இருப்பவர் கண்ணாடி போட்டிருந்தால் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்; கண்ணாடியில் விழும் நிழலைப் பார்த்துப் பேசுவார், நமக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல. நாம்தான் திரும்பிப் பார்த்து ஏமாறுவோம்.

போன மாதம் பேய்ப் படம் போட்டார். "இதுல என்னண்ணே பாடம் இருக்கப் போகுது?" என்று தையற்காரம்மா முன்கூட்டியே முணுமுணுத்தார். படத்தில் செத்துப்போன மனைவி வந்து வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே கணவன் தாழ்ப்பாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு நடுங்குகிறான். அங்கே நிறுத்தினார்.

"வெளிய யாருன்னு இவன் ஒரு வார்த்தை கேட்டானா? கடல் மேல நடந்து வந்தவரைப் பார்த்து சீஷருங்களே பேய்னு அலறலையா? பயந்தவன் யாருக்கும் திறக்க மாட்டான். ஆண்டவரே வந்து தட்டினாலும்..."

பக்கவாட்டுக் கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றார் தையற்காரம்மா மெதுவாக, "படம்தான் நிக்குதே."

"காத்தா இருக்கும்," என்றார் போதகர். ஜன்னல் திரை ஒன்றுகூட அசையவில்லை.

மறுபடியும் கேட்டது. விரல் முட்டியால் தட்டுகிற சத்தமில்லை. மரத்தில் உலோகம் படுகிற சத்தம். அண்ணனின் கையில் இருந்த ரிமோட் தாழ்ந்தது. அவர் மனைவி உயிரோடு இருந்தவரை, வீட்டு வேலையை முடித்துவிட்டுப் பாதிப் படத்தில்தான் வந்து சேருவார். வெளிச்சம் வரக் கூடாதென்று கதவு தாழிட்டிருக்கும். மோதிரத்தால்தான் தட்டுவார். அந்த மோதிரத்தோடுதான் அவரை அடக்கம் செய்தார்கள். மண் கொடுத்த எல்லோரும் கூடத்தில் இருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அண்ணன் எழுந்தார். தையற்காரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாம்ண்ணே."

"இப்பதானேம்மா பாடம் சொன்னேன்," என்றார். சட்டைக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டார்.

தாழ்ப்பாளை நீக்கினார். மதிய வெயில் கூடத்துக்குள் பாய்ந்தது. சுவரில் நடுக்கத்தோடு உறைந்திருந்த கணவனின் முகம் வெளுத்து மறைந்தது. வெளியே வரிசையாகச் செருப்புகள், காலி முற்றம். ஆள் இல்லை. போதகர் மூச்சுவிட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் மட்டும் கதவைச் சாத்தவில்லை. அதைப் பிடித்தபடியே ஓரடி விலகி, குறுகலான இடத்தில் வழி விடுகிறவர்போலச் சுவரோடு ஒட்டி நின்றார். ஒருவர் உள்ளே வந்து சேரும் நேரம்வரை காத்திருந்துவிட்டு, மெதுவாகத் தாழ்ப்பாள் போட்டார்.