ஆமென் சொல்லியும் முடியாத ஜெபம்

பிரியமானவர்களே, துக்கச் செய்தி வந்து விசுவாசம் ஆட்டம் கண்டவர்கள் நம் சபையில் உண்டு. நல்ல செய்தி வந்து ஆட்டம் கண்டவன் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

ஆறு வருஷத்துக்கு முன், ஆனி மாதம். சரக்கு விலையெல்லாம் பாதாளத்துக்குப் போயிருந்த காலம். போடி கடைவீதியில் என் ஏலக்காய் மண்டியில் ஈ ஓட்டவும் ஈ இல்லை. என் மூத்தவன் தேவசகாயம் மதுரையில் இண்டர்மீடியட் முடித்திருந்தான். ஸ்காட்லாந்தில் ஒரு காலேஜுக்கு, டாக்டர் படிப்புக்கு எழுதிப் போட்டான். "போடுடா, பார்ப்போம்" என்று சொன்னதே நான்தான். துரைமார் நம்ம பயலுக்கா இடம் கொடுக்கப் போகிறார்கள் என்ற தைரியம். கொடுத்துவிட்டார்கள்.

கடிதத்தோடு செலவு விவரம் அச்சடித்த தாள் ஒன்றும் வந்தது. காலேஜுச் சம்பளம், அறை, சாப்பாடு, புஸ்தகம், எல்லாம் இங்கிலீஷ் பவுன் கணக்கு. ஒரு பவுனுக்குப் பதின்மூன்று ரூபாய்க்கு மேல். பெருக்கினேன். தப்பாக இருக்க வேண்டும் என்று மறுபடியும் பெருக்கினேன். முதலில் போட்டது தப்புதான். சரியான தொகை அதைவிடப் பெரியது. இப்படி ஆறு வருஷம். கப்பலுக்குத் தனி, கம்பளிக் கோட்டுக்குத் தனி.

எங்களுக்கு இருந்தது மண்டி, குடியிருக்கிற வீடு, காமயகவுண்டன்பட்டியில் கொஞ்சம் நஞ்சை. அது என் மனைவி ஞானப்பூவுக்கு அவள் தகப்பனார் எழுதிக் கொடுத்த வயல். எங்கள் சோறு அதில்தான் விளைகிறது. தேவசகாயத்துக்குக் கீழே இரண்டு பெண்பிள்ளைகள் வேறு. வயலை விற்றால் இரண்டு வருஷம் ஓட்டலாம். அதற்குப் பிறகு அவன் அங்கே குளிரில் நிற்பான், நாங்கள் இங்கே வெயிலில் நிற்போம்.

இதை யாரிடமாவது சொன்னேனா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று, மகனுக்குச் சீமையில் இடம் கிடைத்ததை அறிவித்து, ஸ்தோத்திரக் காணிக்கையும் போட்டுவிட்டேன். வெளியே வந்ததும் எதிர்க்கடை ஆசீர்வாதம் மச்சான் பிடித்துக்கொண்டார். அவர் மகனும் லண்டனில் டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தவன். அப்போது லீவில் வந்திருந்தான்.

"என்ன மாப்ள, செலவு தாங்குவீகளா?"

"செலவா! மண்டியில சாக்க உதறி, தூசியத் தட்டுனா வந்துட்டுப் போகுது மச்சான்."

அன்றிலிருந்து கடையில் எனக்கு நிதானம் தப்பிவிட்டது. மிளகு கேட்டவருக்கு ஏலக்காயை நிறுத்துக் கொடுத்தேன். நல்ல மனிதர், திருப்பிக் கொண்டுவந்தார். கேட்காமலே அவரிடமும், "செலவெல்லாம் பெரிய விஷயமில்லை" என்றேன்.

ஜெபித்தேன். அதையும் வியாபாரியாகவே ஜெபித்தேன். எங்கள் தொழிலில் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவோம். பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியாது. அப்படி ஆண்டவரிடமும் பேசினேன். பத்தில் ஒரு பங்கு என்றேன், எட்டில் ஒரு பங்கு என்றேன். அவர் விரலே கொடுக்கவில்லை. கடைசியில், "அந்தக் காலேஜ் இடிந்து விழட்டும் ஆண்டவரே, உள்ளே ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து" என்றுகூடக் கேட்டேன். உங்கள் முன்பாக வெட்கத்தோடு அறிக்கையிடுகிறேன்.

பதில் வரவில்லை. வயலை விற்க ரகசியமாக ஒருவரிடம் பேசினேன். வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் தருவதாகச் சொன்னார். ஞானப்பூ கையெழுத்துப் போட வேண்டும். புதன்கிழமை அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். "சரி" என்றாள். அவ்வளவுதான். அவள் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வியாழன் சாயங்காலம் வீட்டு ஜெபக்கூட்டம் எங்கள் வீட்டில். ஆசீர்வாதம் மச்சான் உட்படப் பதினைந்து பேர். பாட்டு முடிந்ததும் ஞானப்பூ முழங்காலில் நின்றாள்.

"அன்புள்ள பிதாவே, உமக்குத் தெரியாதது ஒண்ணுமில்ல. ஆனா இங்கன இருக்கவுகளுக்குத் தெரியாது."

நான் ஒரு கண்ணைத் திறந்தேன்.

"இவுக ஊரெல்லாம், தூசியத் தட்டுனா காசு வரும்னு பேசிட்டுத் திரியிறாக. மண்டியில தூசி மட்டுந்தான் ஆண்டவரே இருக்கு."

நம் கூட்டத்தில் ஒருவர் ஜெபிக்கும்போது குறுக்கே பேச வழியில்லை. பேசக்கூடிய ஒரே வார்த்தையை நான் பலமாகச் சொன்னேன். "ஆமென்!" எல்லாரும் கூடச் சேர்ந்து, "ஆமென்" என்றார்கள்.

"இன்னும் முடியல ஆண்டவரே. நாளைக்கு எங்கப்பா குடுத்த வயல விக்கப் போறாக. ரெண்டு வருசத்துக்குத்தான் அது காணும். மூணாம் வருசம் எம்புள்ள தெரியாத ஊருல பட்டினி கெடப்பான். எம்பொம்பளப் புள்ளைக இங்கன பட்டினி கெடக்கும். அதச் சொல்ல இவுகளுக்கு வெக்கம். கடையில வீரம் பேசிட்டு, கொல்லப்பக்கம் போயி அழுகுறாக."

"ஆமென்! ஆமென்!"

"அழாதீகன்னு நீராச்சும் சொல்லும்."

அவளாக முடித்தபோதுதான் முடிந்தது. யாரும் தலையைத் தூக்கவில்லை. தரையைப் பிளந்து இறங்கிவிடலாமா என்று பார்த்தேன்; முந்தின வருஷம்தான் நல்ல சிமெண்டு போட்டிருந்தேன்.

அப்போது ஒரு விசும்பல். நான் இல்லை. ஆசீர்வாதம் மச்சான்.

"மாப்ள, எம்மகன் லீவுல வரல. காசு தீந்து திரும்பி வந்துட்டான். தென்னந்தோப்ப வித்ததும் போதல. இத்தன நாளா ஒருத்தர்ட்டயும் சொல்லல. நீங்க பீத்துறப்பல்லாம் நெஞ்சு பதறும். இருந்தாலும் எந்த மொகத்த வச்சுட்டு வந்து தடுப்பேன்?"

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகன் அங்கே பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொன்னார். இங்கே மெட்ராஸில் டாக்டர் படிப்பை முடித்துவிட்டுப் போனால், அங்கே மேல்பரீட்சைகளுக்கு ஒன்றரை வருஷம் இருந்தால் போதும். ஆறு வருஷம் வேண்டியதில்லை. எனக்கு வந்த தாளில் அந்த விஷயம் இல்லவே இல்லை.

நான் மகனைப் பார்த்தேன். வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"மெட்ராசுக்கே போறேன்ப்பா. அந்தத் தாள நானும் பெருக்கிப் பாத்தேன். நீங்க கோயில்ல எந்திரிச்சுச் சொல்லிட்டீக. அதுக்குப் பெறகு நான் எப்படி வாயத் தொறக்க?"

"ஏலே, நீயும் பயந்துதான் கெடந்தியா?"

"ஒங்க மகன்தானப்பா."

பதினைந்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அழுதேன், இந்தத் தடவை எல்லார் முன்னாலும்.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸோடு வந்தவரை மோர் கொடுத்து அனுப்பிவிட்டோம். வயல் ஞானப்பூ பேரிலேயே இருக்கிறது. நான் பணம் கேட்டேன். ஆண்டவர் உண்மையைக் கொடுத்தார். தேவசகாயமும் மச்சான் மகனும் மெட்ராஸில் ஒரே அறையில் தங்கிப் படித்து முடித்தார்கள். பாதி வாடகை மிச்சம். போன புரட்டாசியில் இரண்டு பேரும் கொழும்பில் கப்பல் ஏறினார்கள். அங்கே ஒரு வருஷத்துக்கான செலவைச் சேர்த்துவிட்டோம். மீதி ஆறு மாதத்துக்கு என் கையில் பணம் இல்லை. இதை இன்று சபை நடுவே, என் வாயாலேயே சொல்கிறேன்.

உங்களில் யாராவது பிள்ளையின் படிப்புக்காக மனதுக்குள் ஒடுங்கிக் கிடந்தால், அடுத்த கூட்டத்தில் உள்ளதை உள்ளபடி ஜெபியுங்கள். அவர் கேட்கிறார். பக்கத்தில் முழங்காலில் நிற்பவரும் கேட்கட்டும். அவரிடத்திலும் ஆண்டவர் ஒரு பதிலை வைத்திருக்கலாம். எங்களுக்கு இதுவரை குறைவில்லாமல் செய்தவருக்கே எல்லாத் துதியும்.