பூட்டிய லேப்டாப்புக்குள் அத்தானின் குரல்

போன ஆடி மாதம், ஆலந்தலையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அத்தானின் முதல் வருட நினைவுப் பூசைக்காக சென்னையிலிருந்து வந்திருந்தேன். பைக் விபத்தில் அவர் போனபோது அக்கா வயிற்றில் பிள்ளை. அவர் செல்போனும் அன்றைக்கே நொறுங்கிவிட்டது. அக்காவிடம் போட்டோக்கள் இருந்தன, குரல் இல்லை. அவர் பேசுகிற ஒரே வீடியோ என் பழைய லேப்டாப்பில் இருந்தது. அந்த லேப்டாப்பை நான் இங்கேயே விட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போயிருந்தேன்.

அக்காவுக்குத் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஆன்லைன் பயிற்சி. லேப்டாப்பை நீயே வைத்துக்கொள் என்று சொல்லியிருந்தேன். "மொதல்ல பிள்ளைக்கு அவங்கப்பா சத்தத்தப் போட்டுக் காட்டுளா" என்று குழந்தையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

நான் கொஞ்சம் மேதாவி. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு, டிஸ்க் முழுவதையும் பாஸ்வேர்ட் கொடுத்துப் பூட்டியிருந்தேன். எங்கள் வீட்டில் அப்படி யார் வந்து திருடப் போகிறார்களோ! பாஸ்வேர்டை அடித்தேன். தவறு என்றது. நிதானமாக அடித்தேன். மறுபடியும் தவறு. திரையில் வெறும் புள்ளிகள்தான் விழும், எத்தனை விழுந்தன என்று யார் எண்ணிப் பார்த்தார்கள்? இந்தப் பூட்டுக்கு மாற்றுச் சாவி கிடையாது. பாஸ்வேர்ட் மறந்துவிட்டால் உள்ளே இருப்பது யாருக்கும் கிடைக்காது.

மத்தியானம் வரை எனக்குத் தெரிந்த எல்லா பாஸ்வேர்டையும் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அக்காதான் சொன்னாள்: "போனாப் போகட்டும்ளா. நாளைக்கு கிளாசுக்கு ஆகணும்லா. அழிச்சிட்டுப் புதுசாப் போடு."

சொல்லிவிட்டுத் தொட்டில் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பென்டிரைவைச் செருகி, லினக்ஸைப் புதிதாகப் போட ஆரம்பித்தேன். மவுசால் ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டே போனேன். 'டிஸ்க் முழுவதையும் அழி' என்பதையும் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி என் பெயரைக் கொடுத்து, அடுத்த பக்கத்தில் 'இன்ஸ்டால்' அழுத்தினால் அத்தான் குரல் போய்விடும்.

பெயரை அடித்தேன். நடுவில் ஒரு எழுத்தைக் காணோம். திரும்ப அழுத்தினேன். 'எம்' வரவே இல்லை. ஓங்கிக் குத்தினேன், அப்போதும் வரவில்லை. என் பாஸ்வேர்டிலும் அந்த 'எம்' இருக்கிறது!

லேப்டாப் ஒரு வருடமாகக் கிடந்தது கடலைப் பார்த்த ஜன்னலோரம். வருடா வருடம் துருப்பிடித்த ஜன்னல் கீலை மாற்றுகிற வீடு எங்களுடையது. கீபோர்டை மட்டும் உப்புக்காற்று சும்மா விடுமா? அந்த யோசனை அதுவரை எனக்கு வரவே இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் அப்படியே நிறுத்திவிட்டு மாதா கோயில் அலுவலகத்துக்கு ஓடினேன். மூச்சு வாங்க நான் சொன்னதைக் கேட்டு, பங்குச் சாமியார் அங்கிருந்த கம்ப்யூட்டரிலிருந்து கீபோர்டைக் கழற்றிக் கொடுத்தார். "பூசைக்கு முன்னால கொண்டாந்துரும்மா, அறிவிப்பு அடிக்கணும்" என்றார்.

பென்டிரைவை எடுத்துவிட்டு, அந்தக் கீபோர்டை மாட்டி, லேப்டாப்பைத் திரும்ப ஆன் செய்து, செபம் சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டை அடித்தேன். பூட்டு திறந்தது.

நான் எடுத்த அந்த வீடியோவில் அத்தான் அடுப்படியில் நின்று மீன் பொரிக்கிறார். "ஏளா, படம் புடிச்சது போதும், அந்தத் தட்ட எடு, மீன் கருகுது!" அவ்வளவுதான் பேச்சு. அக்கா பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். "இன்னொரு வாட்டி போடு, இன்னொரு வாட்டி போடு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். பிள்ளை திரையைத் தட்டிச் சிரித்தான்.

அவள் போனிலும் என் போனிலும் வீடியோவை ஏற்றிய பிறகு, மெல்லக் கேட்டேன்: "நான் அழிச்சிருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

"ஒம்மேல கோவப்பட்டுரக் கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டுத்தான் தொட்டில்கிட்ட நின்னேன்" என்றாள்.

இப்போதெல்லாம் யாராவது என்னிடம் 'போனாப் போகட்டும்' என்று சொன்னால், கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு முதலில் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன்.