வகுப்பைவிட்டு எழுந்துபோகாத சுலோச்சனா

சுரங்கத்தில் காலை ஷிப்ட்டின் சங்கு ஊதி ஓய்ந்த நேரம். சுலோச்சனாவின் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்தார். வேலையில் இருக்கவேண்டிய மனிதர், காக்கிச் சட்டை இல்லாமல் வேட்டியோடு நின்றார். "பூங்காவனம், உன் சிநேகிதி போயிட்டாம்மா" என்றார். மஞ்சள் காமாலை இறங்கிக்கொண்டிருக்கிறது என்று முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். என் அம்மா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். செம்பை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே நின்றார், குடிக்கவில்லை.

அவளை இந்த டவுன்ஷிப்பில் பலருக்கும் தெரியும். கறுப்பு கவுனை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு கடலூர் பஸ்ஸுக்கு நிற்பவளாக நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் அவளைப் பார்த்து "ஜட்ஜம்மா" என்று கத்துவார்கள். அவளும் நின்று, "உனக்கு ஆறு மாசம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவாள். சட்டக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்ற முறையில், நீங்கள் பார்க்காத சிலவற்றைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. அப்பா சுரங்கத்தில் பெர்மனென்ட் ஆகும்வரை எங்கள் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். பி.ஏ. முடித்தபின் சட்டம் என்றதும் அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. விடுமுறையில் எங்கள் வீட்டுக்கு வந்த சுலோச்சனாவிடமே கேட்டுவிட்டாள்.

"அப்டி இன்னாதாம்மா ரெண்டு வருசமா படிக்கிறீங்க?"

"உங்க கோழி பக்கத்து வூட்டுல போய் முட்டை போட்டா, முட்டை யாருதுன்னு படிக்கிறோம்மா."

"இதுக்கு ஒரு படிப்பா? கோழி யாருதோ முட்டையும் அவங்குளுதுதான்."

"பாஸ் பண்ணிட்டீங்க" என்றாள் சுலோச்சனா.

விளையாட்டாகச் சொன்னாலும் அவள் படித்த விதம் அதுதான். ரோமானியச் சட்டத்தில் அடிமையை விடுதலை செய்யும் சடங்கு வரும். நான் அதைப் பரீட்சைக்காக உருப்போட்டேன். அவள், "விடுதலையானவன் மறுநாள் எங்கே போய் வேலை கேட்டிருப்பான்?" என்று யோசித்தாள். ஒப்பந்தச் சட்டம் படித்த வாரம், கண்டக்டர் விசில் கொடுப்பதற்கும் டிக்கெட் கிழிப்பதற்கும் நடுவில் எந்த நொடியில் ஒப்பந்தம் உண்டாகிறது என்று ஊருக்கு வரும் பஸ்ஸில் குறிஞ்சிப்பாடி வரைக்கும் வாதாடிக்கொண்டு வந்தாள். சாட்சியச் சட்டம், சொத்துரிமை, இந்து சட்டம் என்று எனக்குத் தனித்தனிப் புத்தகங்களாக இருந்தவை அவளுக்கு ஒரே ஊரின் தெருக்களாக இருந்தன. ஒன்றில் நுழைந்து இன்னொன்றில் வெளியே வருவாள். நான் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பேன்.

குற்றவியல் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்களின் மானத்துக்கு எதிரான குற்றங்கள் என்ற பகுதி வரும்போது, விரிவுரையாளர் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, "பெண்கள் போகலாம்" என்பார். ஆண்டுதோறும் அப்படித்தான். அன்றும் சொன்னார். மற்ற பெண்கள் எழுந்தார்கள். நானும் பையை எடுத்தேன். சுலோச்சனா இடது கையை மேசைமேல் விரித்து ஊன்றிக்கொண்டு எழுந்தாள். வெளியே போவதற்கல்ல.

"சார், பரீட்சையில இந்தப் பகுதியில கேள்வி வந்தா எங்களுக்கு மட்டும் விட்டுருவாங்களா?"

பின் பெஞ்சுகளில் சிரிப்பு. அவர் முகம் சிவந்தது. "கேட்கச் சங்கடமாக இருக்கும் என்றுதான் சொன்னேன், அம்மா."

"நடந்தவங்களுக்கு அதைவிடச் சங்கடமா இருக்கும் சார்."

அவள் உட்கார்ந்துவிட்டாள். என் பாவாடை நுனியை மேசைக்கடியில் பிடித்து இழுத்து, "உக்காருடி" என்றாள். உட்கார்ந்தேன். விரிவுரையாளர் மூடிய புத்தகத்தை மறுபடி திறந்து பாடத்தை நடத்தினார். நன்றாகவே நடத்தினார்.

பட்டம் வாங்கிப் பதிவு செய்துகொண்டபின் இருவரும் கடலூரில் ஒரே சீனியரிடம் ஜூனியர்களாகச் சேர்ந்தோம். அவள் பேசுவாள், நான் எழுதுவேன். அந்த ஏற்பாடு எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்போதுதான் முத்தாண்டிக்குப்பத்திலிருந்து அஞ்சலை வந்தாள். கான்ட்ராக்டில் மண் சுமக்கும் பெண். அவள் மேஸ்திரியை அடித்துக் காயப்படுத்தியதாக வழக்கு.

"அடிச்சீங்களா?" என்று கேட்டாள் சுலோச்சனா.

"அடிச்சங்க. கூடைய வச்சிகினு நின்னுகினு இருந்தேன். சாமான் வைக்கிற கொட்டா பின்னால கூப்ட்டு கைய புடிச்சி இழுத்தான். கூடையாலயே போட்டேன். கால்ல வுழுந்துட்டா வழக்க வுட்டுடுறானாம். ஊர்ல எல்லாரும் வுழுடிங்கிறாங்க. நா ஏங்க வுழணும்? ஆனா ஜெயிலுக்குப் போனா எம்புள்ளைய யாரு பாக்கிறது?"

தன் உடம்பைக் காத்துக்கொள்ள ஒருவர் திருப்பி அடிக்கலாம் என்பதைக் கல்லூரியில் எல்லோருக்கும் நடத்தினார்கள். ஆனால் அவருக்கு எதிராக நடந்தது குற்றமாக இருந்தால்தான் அந்த உரிமை வரும். ஒரு பெண்ணின் கையைக் கெட்ட எண்ணத்தோடு பிடித்து இழுப்பது குற்றம் என்று சொல்லும் பிரிவோ, பெண்களை வெளியே அனுப்பிவிட்டு நடத்தும் பகுதியில் இருந்தது. சுலோச்சனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் அந்த வகுப்புதான் நினைவுக்கு வந்தது.

மேஸ்திரியை அவள் குறுக்கு விசாரணை செய்ததை நான் மறக்கமாட்டேன். குரலை உயர்த்தவே இல்லை.

"மண் கொட்டுற மேடு எந்தப் பக்கம்ங்க?"

"ரோட்டுப் பக்கம்."

"உங்களுக்கு அடிபட்டது?"

"கொட்டா பின்னால."

"அங்க அவங்களுக்கு என்ன வேலை?"

"நாந்தான் கூப்ட்டேன்."

"எதுக்குங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. அவளும் இரண்டாவது முறை கேட்கவில்லை. மேசைமேல் விரித்த இடது கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மௌனத்தை அப்படியே கோர்ட்டிடம் விட்டுவிடலாம் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. வாதம் அடுத்த வாய்தாவுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. அதற்குள் அவள் காமாலையில் படுத்துவிட்டாள்.

சாவு வீட்டுக்கு அஞ்சலை வந்திருந்தாள். அழுது முடித்து என் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கேட்டாள்: "இனிமே எனக்கு யாருங்க பேசுவாங்க?"

சீனியர் வாய்தா வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன். "நான் பேசறேன்" என்று வந்துவிட்டது.

வழக்கு அழைக்கப்பட்டபோது எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "கையைப் பிடித்தது ஒரு பெரிய குற்றமா? இதையெல்லாம் பேச இந்தப் பெண்ணுக்குக் கூச்சமாக இருக்காதா?" என்றார். இருந்தது. முதல் வாக்கியத்தை மாஜிஸ்ட்ரேட் திரும்பச் சொல்லச் சொன்னார், காதில் விழவில்லை என்று. திரும்பச் சொன்னேன். பிரிவைச் சொன்னேன், அதன் சொற்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். மேஸ்திரி பதில் சொல்லாத அந்தக் கேள்வியைச் சொன்னேன். அஞ்சலை விடுதலையானாள். யார் காலிலும் விழாமல் முத்தாண்டிக்குப்பம் பஸ் ஏறினாள்.

சுலோச்சனாவின் புத்தகங்களை எடுத்துக்கொள்ளும்படி அவள் அம்மா சொன்னார்கள். அவை அந்த வீட்டிலேயே இருக்கட்டும் என்றேன். அவளிடமிருந்து எனக்கு வந்துசேர்ந்தது வேறு. அன்று கோர்ட்டில் பேசி முடித்துக் குனிந்தபோதுதான் பார்த்தேன். என் இடது கை மேசைமேல் விரல்களை அகல விரித்து ஊன்றியிருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.