டீ மேக்கரின் சலவை ரூம்

என் வீட்டுக்காரர் குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் டீ மேக்கராக இருந்து ரிட்டயர் ஆனவர். கொழுந்து வாடியது போதுமா, தூளை உலர்த்துகிற டிரையரில் சூடு சரிதானா என்று அங்கே அவர் சொன்னதுதான் சட்டம். ரிட்டயர் ஆன பிறகு அந்தச் சட்டத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நாள் வீட்டையே சுற்றிச் சுற்றி வந்தார். நான் பள்ளிக்கூட டீச்சர், காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். ஒரு சாயங்காலம் வந்து பார்த்தால், சமையலறைக்குப் பின்னால் இருந்த விறகு ரூம் துடைத்து வைத்த மாதிரி காலியாக இருந்தது.

"இனி இது சலவை ரூம்," என்றார். "இந்த ஊட்டுல துணி விசயத்துல ஒரு ஒழுங்கே இல்ல அம்மணி."

ஒழுங்கே இல்லாத அந்தத் துணியைத்தான் தினமும் மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு ஃபேக்டரிக்குப் போய் அதிகாரம் பண்ணிவிட்டு வந்தீர்கள் என்று நாக்கு நுனி வரை வந்தது. களைப்பாக இருந்ததால் காபி போடப் போய்விட்டேன்.

வேலை மும்முரமாக நடந்தது. சுவரோரமாகக் கம்பி வலைத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கீழே ஒரு டேபிள் ஃபேன். ஃபேக்டரியில் பச்சைக் கொழுந்தை இப்படித்தான் வலையில் பரப்பிக் கீழிருந்து காற்று விட்டு வாட வைப்பார்கள். அதற்கு விதரிங் என்று பேர். எங்கள் வீட்டில் என் உள்பாவாடைக்கு விதரிங் நடந்தது. ஒவ்வொரு தட்டிலும் பெயிண்டில் பேர் எழுதினார்: வெள்ளை, கலர், கம்பளி, சில்லறை. கைக்குட்டையும் சாக்ஸும் சில்லறையாம். துணி காய்ந்ததா என்று சாதாரண மனுஷன் தொட்டுப் பார்ப்பான். இவர் கொழுந்தைப் பார்க்கிற மாதிரி ஒரு கை நிறைய அள்ளி, இறுக்கிப் பிடித்து, விட்டு, அது எப்படி விரிகிறது என்று பார்த்து, மூக்கில் வைத்து ஒரு இழுப்பு இழுத்து, "இன்னும் ஆகணும்" என்பார். இவ்வளவும் ஒரு பனியனுக்கு.

துவைப்பது யார் என்று கேட்கிறீர்களா? அது பழைய ஏற்பாடுதான். அதை மாற்றுகிற உத்தேசம் அவருக்கு இல்லை.

ஐப்பசி மழை பிடித்தது. மேகம் ஜன்னல் வழியாகச் சொந்தக்காரர் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் மாதம். அவருடைய தட்டில் பரப்பிய துணி அப்படியே ஈரமாகக் கிடந்தது. ஃபேன் ஈரக்காற்றை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தள்ளியதே தவிர வேறொன்றும் செய்யவில்லை. என் பள்ளிக்கூடப் புடவையில் கருப்புக் கருப்பாகப் பூசணம் பூத்தது. எனக்கோ மறுநாள் காலையில் கட்டிக்கொண்டு போகக் காய்ந்த புடவை வேண்டும்.

வீட்டின் பின்கட்டில், அந்த ரூமை ஒட்டினாற்போல, எங்கள் வெந்நீர் அடுப்பு இருக்கிறது. சீகை விறகு போட்டு எரிப்பது. அதற்கு மேலே குறுக்காக நான் கட்டிய கயிறு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மழைக்காலத்துத் துணி அதில்தான் காய்கிறது. காலையில் தண்ணீர் சுடும் வரை ஒரு முக்காலி போட்டு, காலை நீட்டி, அந்தக் கணப்பில் உட்கார்ந்திருப்பேன். இந்த வீட்டில் யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரே இடம் அது. முட்டிவலிக்கு அதைவிட மருந்து கிடையாது.

ஆகவே துணியைக் கமுக்கமாக அடுப்புக் கயிற்றில் காயப்போட்டு, காய்ந்ததும் கொண்டுபோய் அவருடைய தட்டில் பரப்பி வைத்தேன். வெள்ளை வெள்ளையில், சில்லறை சில்லறையில். அவர் எழுந்து வந்து ஒரு பிடி பிடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. "பாத்தியா! காத்து போற வழி சரியா இருந்தா போதும்."

தூளை மோந்தே தரம் சொல்லுகிற அந்த மூக்குக்குத் துணியில் இருந்த புகை வாசனை தெரியவில்லையா என்றால், பாராட்டு வருகிற நேரத்தில் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும்போல. தெருவில் போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு ரூமைக் காட்டினார். எதிர்வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு என்னிடம், "கொடுத்து வச்சவிங்க நீங்க" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரையும் ஒரு தட்டில் பரப்பியிருப்பேன்.

என் சாமர்த்தியம் என் தலையிலேயே விடிந்தது. ஒரு நாள் அவர் பின்கட்டை அளந்துகொண்டிருந்தார்.

"இந்த அடுப்பை இடிச்சுப்போடலாம். கீசர் ஒண்ணு வாங்கிட்டா போதும். இங்க துணி மடிக்கறதுக்கு ஒரு மேசை போட்டா ரூம் முழுசாயிரும்."

"அடுப்ப எதுக்குங்க இடிக்கணும்?"

"அது எதுக்கு இனி? துணிதான் ரூமுலயே காயுதே!"

இப்போது உண்மையைச் சொன்னால் நம்பவா போகிறார்? நல்லவேளையாக அந்தச் சமயம் கோயமுத்தூரில் என் அக்காவுக்குக் கண் ஆபரேஷன் வந்தது. நான் லீவு போட்டுவிட்டுப் போய்க் கூட இருக்க வேண்டும். கிளம்பும்போது சொன்னேன்: "நான் வர்ற வரைக்கும் உங்க துணிய நீங்களே தொவைச்சு, உங்க ரூமுலயே காயப்போடுங்க. காஞ்சா அடுப்ப இடிச்சுக்கலாம். காயலைன்னா இனி அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுங்க."

"அதுக்கென்ன," என்றார், ராஜா மாதிரி.

கோயமுத்தூரில் வெயிலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்புத்தான். மலையில் விடாத மழை என்று போனில் சொன்னார்கள். பூசணம் பூத்த பனியனோடு வாசலில் நிற்பார், நான் ஒன்றும் பேசாமல் அடுப்பைப் பற்றவைப்பேன் என்று அந்தக் காட்சியை மனசுக்குள் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

திரும்பி வந்தேன். தட்டுகளில் சட்டை, வேட்டி, பனியன், சாக்ஸ் எல்லாம் மொறமொறவென்று காய்ந்து கிடந்தன.

"கொத்தனாரை வரச் சொல்லியிருக்கறேன்," என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகத்தை மறைக்க ஒரு சட்டையை எடுத்துக் கண்ணில் ஒற்றினேன். ஒற்றியவள் அப்படியே நின்றேன். இன்னொரு தரம் மோந்து பார்த்தேன். சட்டையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"இது என்ன வாசனைன்னு சொல்லுங்க."

மனுஷனுக்குத் தொழில் ரத்தத்தில் ஊறியது. எதற்குக் கேட்கிறாள் என்று யோசிக்கக்கூட இல்லை. கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்து, முகத்தைச் சுளித்து, "சூடு கொஞ்சம் எச்சாப் போச்சு. புது டீ மேக்கருக்கு டிரையர் பாக்கத் தெரியல" என்றார்.

சொன்ன பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

சட்டையில் இருந்தது டீத்தூள் வாசனை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கோபமும் தாங்கவில்லை. ஈரத் துணியை மூட்டை கட்டி வாடகை ஜீப்பில் ஃபேக்டரிக்குக் கொண்டுபோய் டிரையருக்குப் பின்னால் காயவைத்து எடுத்து வந்திருக்கிறார்! சர்வீஸில் இருந்த காலத்தில், மழை நாளில் பிள்ளையின் யூனிஃபார்ம் ஸ்வெட்டரை அதே டிரையருக்குப் பின்னால் தொங்கவிட்டதற்காக ஒரு பெண்ணை வேலை கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பியவர் இவர். "டீத்தூள் ஈர வாசனை புடிச்சுரும்" என்று அன்றைக்கு வீட்டில் எனக்கு ஒரு பிரசங்கம் வேறு நடந்தது.

"அங்க யாரு காயப்போட்டுக் குடுத்தா?" என்றேன்.

சட்டையை என் கையிலிருந்து வாங்கி மடிக்க ஆரம்பித்தார். "அந்த ஸ்வெட்டர் பொண்ணுதான்."

"என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. 'ஐயா, ஜட்டியும் போடணுமா'ன்னு மட்டும் கேட்டுச்சு."

கொத்தனார் வரவில்லை. மறுநாள் விடிகாலையில் என் வீட்டுக்காரரே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் எழுந்து முகம் கழுவிக்கொண்டு பின்கட்டுக்குப் போனேன். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. என் முக்காலியில் காலை நீட்டி, கையில் காபி டம்ளரோடு, அவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏ அம்மணி, இங்க நல்லாத்தான் இருக்குது," என்றார். "இத்தனை நாளா சொல்லவே இல்லையே நீ. இங்க ஒரு சாய்வு நாற்காலி போட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு அடிச்சா…"

"எந்திரிங்க," என்றேன்.

"என்ன?"

"எந்திரிங்கன்னேன். இது என் எடம். உங்களுக்குன்னு பேரெல்லாம் எழுதி வச்ச ரூம் ஒண்ணு அங்க சும்மாதான கெடக்குது? அங்க போய் உக்காருங்க."

என் முகத்தைப் பார்த்தார். எழுந்தார். போகிற போக்கில், கயிற்றில் தொங்கிய என் புடவையை ஒரு கை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனார்.