கூட்டேரிப்பட்டில் நின்ற ஹைட்ரஜன் பஸ்

எனக்கு மூக்கின்மேல் கோபம் என்று வீட்டில் சொல்வார்கள். சரிதான். ஆனால் திண்டிவனத்துக்கு வெளியே, வேலிகாத்தான் மண்டிக் கிடந்த நிலத்தில் நாங்கள் அமைத்த அந்த ஹைட்ரஜன் பங்க்குக்குள் நுழைந்தால் கோபமெல்லாம் எங்கோ போய்விடும். சோலார் தகடுகளில் வெயில் விழும். அந்த மின்சாரம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கும். ஹைட்ரஜனை அழுத்தி அடைத்து வண்டிக்கு நிரப்புவோம். எல்லாவற்றையும் வடிவமைத்தவள் நான்தான். ஆனாலும் நிறமும் மணமும் இல்லாத ஒன்று அத்தனை பெரிய பஸ்ஸை நகர்த்துவதைப் பார்க்கும்போதெல்லாம் உடம்பு சிலிர்க்கும்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பஸ். அதில் விழுப்புரம் வரை போய்ப் பார்த்து முடிவு சொல்வதாக அந்த ஊர் நகராட்சி ஆணையர் அம்மா வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் விழுப்புரத்தின் டவுன் பஸ், குப்பை வண்டி எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடு. பிடிக்காவிட்டால் டீசலேதான். என் வரைபடங்களைச் சுருட்டிப் பரண்மேல் போட வேண்டியதுதான்.

டிரைவர் அண்ணன் விடியற்காலையிலேயே வண்டியைக் கழுவி, பொட்டு வைத்து, சாமந்தி மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்துவிட்டார். பங்க்குக்குள் கற்பூரம் மட்டும் கூடாது என்று நான் மன்றாடியதால், ரோட்டுக்குப் போய் ஏற்றிவிட்டு வந்தார்.

பஸ் சத்தமில்லாமல் கிளம்பியது. ஆணையர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். கூட்டேரிப்பட்டு தாண்டியதும் வேகம் குறைந்தது. புளியமரம் ஒன்றின் அடியில் பஸ் நின்றேவிட்டது. ஆணையர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் உண்டாகும் பெட்டிக்குள் தண்ணீர் தேங்கிவிட்டதாக டிரைவர் முன்னால் இருந்த திரை காட்டியது. அது குழாய் வழியாக வெளியே போயிருக்க வேண்டும். இறங்கி வண்டியின் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். அந்தக் குழாயின் வாயை சைக்கிள் ட்யூப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

"யாருண்ணா இத கட்டுனது?"

"நான்தான் மேடம். நேத்து பூரா ஒழுகிக்கினே இருந்துது. பெரியவங்க ஏறுற வண்டி ஒழுகிக்கினு நின்னா அசிங்கமில்லியா? நீங்களும் சோறு தண்ணி இல்லாம பேஜாரா சுத்திக்கினு இருந்தீங்க. அதான் உங்ககிட்ட சொல்லாம நானே அடச்சிட்டேன்."

தண்ணீர் வரும் என்று பயிற்சியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தலையை ஆட்டியவரும் இவர்தான். நம்மேல் உள்ள பாசத்தில் செய்தவரை எப்படித் திட்டுவது? நன்றாகவே திட்டினேன்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ட்யூபை அவிழ்த்தார். தண்ணீர் அவர் கையை நனைத்துக்கொண்டு தார் ரோட்டில் கொட்டியது.

"எங்கேர்ந்து மேடம் இவ்ளோ தண்ணி? நாம ஊத்தவே இல்லியே?"

"நாம ரொப்புன ஹைட்ரஜன் காத்தோட சேர்ந்து தண்ணி ஆயிடுது. இந்த வண்டிக்குப் புகையே இதாண்ணா."

சொல்லிவிட்டு நானும் கையை நீட்டினேன். வெதுவெதுப்பாக இருந்தது. என் வரைபடத்தில் அது ஒரு நீல அம்புக்குறி, அவ்வளவுதான். பங்க்கையே கட்டிக்கொண்டு கிடந்ததில் அன்றுவரை நான் அதைத் தொட்டதே இல்லை. என்னால் கையை எடுக்க முடியவில்லை.

டிரைவர் அண்ணன் ரோட்டிலேயே முட்டி போட்டு, குழாயருகே முகத்தை வைத்து மூச்சை இழுத்தார். "டீசல் வண்டியில இப்படி மூஞ்சிய வெக்க முடியுமா மேடம்?" என்றார்.

அதற்குள் ஆணையர் இறங்கி எங்கள் பின்னால் வந்து நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை ஒதுக்கிக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் தண்ணீரில் கையை நீட்டி, முகத்தை அருகே கொண்டுபோய், கண்ணை மூடி மூச்சை இழுத்தார்.

பெட்டியில் தேங்கியது வடிந்ததும் வண்டி மறுபடி உயிர் பெற்றது. ஆணையர் எழுந்து ஈரக் கையைத் துடைக்காமலே சொன்னார்.

"எங்க ஊருக்கும் வரைய ஆரம்பிச்சிடும்மா. மொதல்ல டவுன் பஸ்ஸுக்கு. பஸ் ஸ்டாண்டுல பிள்ளைங்க மூக்கப் பொத்திக்கினுதான் நிக்குதுங்க."

சரி மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.