வாசல் வரை வந்த பண்ணைக்கார அம்மா

எனக்குக் கோம்பையில் மிளகு நாற்றுப் பண்ணை. கம்பத்தில் புதிதாகப் பண்ணை போட்ட ஓர் அம்மாவின் வெப்சைட்டைப் பார்த்த நாள் முதல் எனக்கு வயிற்றெரிச்சல்தான். திறந்ததுமே இன்று என்ன நாற்று இருக்கிறது, குமுளிக்கு மேலே கேரளத்துக்கும் நாற்று வண்டி வருமா என்பதுதான் இருக்கும். மலையாளத்திலும் இருக்கும். எனக்கும் ஒரு வெப்சைட் உண்டு; ஆனாலும் என்னிடம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அங்கே போய்விட்டார்கள்.

ஒருநாள் நாற்று வாங்க வந்தவனைப் போல அங்கே போனேன். அந்த அம்மா நெடுநெடுவென்ற உயரம், காலில் சேறு காயாத செருப்பு. வெறுங்கையோடு திரும்புகிறவர்களை வாசல் வரை வந்து வழியனுப்புவது அவர் வழக்கமாம். என்னோடும் வந்தார்.

"அண்ணே, எதையோ கேக்க வந்தீக, கேக்காமப் போறீகளே?"

வெப்சைட் போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்க நாக்கு துடித்தது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா வந்தேன்" என்றேன்.

"கேக்கக் கூச்சப்படுறவுகளுக்காகத்தாண்ணே வெப்சைட்டே போட்டிருக்கேன்" என்று சிரித்தார்.

மறுநாள் காலை அதைத் திறந்தால், கேள்வி பதில் பகுதியில் புதிதாக ஒன்று: "மற்ற பண்ணைக்காரர்கள் வந்து பார்க்கலாமா?" "தாராளமாக. டீயும் உண்டு."

என்னை எப்படிக் கண்டுபிடித்தார்? குழப்பத்தோடு என் வெப்சைட்டைத் திறந்தேன். முதல் பக்கம் முழுக்க நான்தான், பொன்னாடையோடு.